பிஞ்சு வெம்பிய பந்தலும் பீர்க்கம்பூ விரியும் நேரமும்

இந்த வருஷம் ஆடிப்பட்டத்தில் போட்ட கொடிப்பந்தலைப் பற்றி எழுதி வைக்கிறேன். பந்தலில் சுரை, பீர்க்கு, புடலை, தரையில் பூசணி. பந்தல் ஒரு தடவை காற்றில் சாய்ந்தது. அதை நிமிர்த்தி, கொடி ஏறி, பூத்துக் குலுங்கிய பிறகும் ஒரு பிஞ்சுகூட நிற்காமல் மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரத்தில் என்னென்னவோ கரைத்து ஊற்றினேன், காரணமோ கரைசல் எட்டாத இடத்தில் இருந்தது. பந்தல் நிறையப் பூ, காய் மட்டும் இல்லை என்று தவிப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்காகவே நடந்ததை நடந்தபடி, அளவுகளோடு எழுதுகிறேன்.

வீடு தென்காசிப் பக்கம். பின்வாசலில் நாலு சென்ட் செம்மண், மேற்கே தலை தூக்கினால் மலை. குற்றாலத்தில் சாரல் கட்டும் ஆனி, ஆடியில் எங்களுக்கும் ஒரு தூவானம் கிடைக்கும், ஆனால் அது மண்ணை முழங்கை ஆழத்துக்கு நனைக்கிற மழை இல்லை. உண்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதனால் ஆடியில் விதைத்தால் சாரலில் முளைத்து, புரட்டாசியில் காய்த்து, ஐப்பசி அடைமழைக்கு முன் பாதி விளைச்சலை எடுத்துவிடலாம் என்பது கணக்கு. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொல்லி வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஆனி கடைசியில் குழி எடுத்தேன். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம், மொத்தம் ஆறு குழி. மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி, குழிக்குப் பத்துக் கிலோ மக்கிய சாணி எரு, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து, மேல்மண்ணையே திருப்பிப் போட்டு மூடி, தண்ணீர் விட்டு ஒரு வாரம் ஆறவிட்டேன். இந்த ஒரு வாரம் முக்கியம். எரு சரியாக மக்காமல் இருந்தால் அதில் கிளம்பும் சூட்டில் முளை வெந்துபோகும், போன வருஷம் பாகல் எனக்கு அப்படித்தான் போனது.

விதையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, ஆடி மூன்றாம் தேதி குழிக்கு ஐந்தாக ஒரு விரற்கணு ஆழத்தில் ஊன்றினேன். பீர்க்கு ஐந்தாம் நாளும் சுரை ஆறாம் நாளும் தலை காட்டின, புடலை மட்டும் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. புடலை விதையின் ஓடு கடினம், அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்காமல் விட வேண்டும். மூன்றாவது இலை வந்ததும் குழிக்கு இரண்டு திடமான கன்றை நிறுத்திவிட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்கினேன். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் அசையும்.

இந்தச் சமயத்தில்தான் செம்மஞ்சள் வண்டுகள் வந்தன. பூசணிக் குடும்பத்துக் கன்று எங்கே முளைத்தாலும் இவை எப்படியோ தெரிந்துகொண்டு வந்துவிடும். வித்திலையை அரித்தால் கன்றே போய்விடும் என்பதால் காலை ஆறு மணிக்குப் பனி ஈரத்தில் அவை மந்தமாக உட்கார்ந்திருக்கும்போது கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டேன், அந்த ஈரத்தின் மேலேயே சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவினேன். பத்து நாள் விடாமல் செய்தால் கட்டுக்குள் வரும்.

அப்படிப் பொறுக்கும்போது ஒரு நாள் கண்டதைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பெரிய சுரை இலையில் ஒரு வண்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கடித்துத் தின்கிறது என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் அது தின்னவே இல்லை, தன்னை நடுவில் வைத்து இலைப்பரப்பில் ஒரு வட்டம் கிழித்துக்கொண்டிருந்தது, பத்துப் பைசா அளவுக்கு, காம்பஸ் வைத்துக் கிழித்த மாதிரி. வட்டம் முழுதாகச் சேர்ந்ததும் உள்ளே திரும்பி, அந்த வட்டத்துக்குள் இருக்கும் இலையை மட்டும் தின்ன ஆரம்பித்தது. காரணம் இதுதான். இலையைக் கடித்ததும் செடி பிசுபிசுப்பான சாற்றைக் காயம்பட்ட இடத்துக்கு அனுப்பும். வண்டு முதலில் நரம்புகளைச் சுற்றி அறுத்துவிட்டால் அந்த வரத்து நின்றுவிடும், அப்புறம் நிம்மதியாகத் தின்னலாம். சுரை இலையில் வட்ட வட்டமாக ஓட்டை இருந்தால் அது யார் வேலை என்று இனிமேல் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த ஒரு வண்டை மட்டும் பொறுக்காமல் விட்டேன்.

சரி, பந்தலுக்கு வருகிறேன். பன்னிரண்டுக்குப் பத்தடி. ஒன்பதடிச் சவுக்குக் கம்பு ஆறு, மேலே சுற்றி ஜி.ஐ. கம்பி, அதற்குள் ஒரு அடிக் கட்டமாக நைலான் கயிறு. ஆடி முதல் வாரத்திலேயே போட்டுவிட்டேன். கம்பை ஒரு அடி ஆழம் மட்டும் நட்டதுதான் தவறு. ஆரியங்காவு கணவாய் வழியாக ஆடியில் அடிக்கும் மேல்காற்று எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கிழக்கே வரிசையாக நிற்கும் காற்றாலைகள் எல்லாம் அதை நம்பித்தான் நிற்கின்றன. ஆடிப்பெருக்கு முடிந்து நாலாம் நாள் ராத்திரி முழுக்கக் காற்று. காலையில் போய்ப் பார்த்தால் மேற்குப் பக்கத்து மூன்று கம்பும் கிழக்கே சாய்ந்து, கம்பி தொய்ந்து, பந்தல் முழுவதும் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தது. கொடி அப்போது முழங்கால் உயரம்தான். ஒரு புடலைக் கன்று மட்டும் கம்பின் அடியில் நசுங்கியது.

நிமிர்த்தியது இப்படி. கயிறு, கம்பி எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, குழியைக் கடப்பாரையால் இரண்டடி ஆழமாக்கி, கம்பின் அடிப்பகுதியில் தார் பூசிக் காயவைத்து இறக்கினேன். சுற்றிலும் உடைசெங்கலும் செம்மண்ணும் மாறி மாறிப் போட்டு, ஒவ்வோர் அரையடிக்கும் கடப்பாரையின் தலையால் இடித்து இறுக்கினேன். வெறும் மண்ணைப் போட்டு மிதித்தால் முதல் மழையிலேயே இளகிவிடும். அப்புறம் மேற்குப் பக்கத்துக் கம்பு ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் ஓர் இழுவைக் கம்பி. அதைக் கட்ட முளைக்குச்சி அடிக்காமல், கம்பிலிருந்து நாலடி தள்ளி இரண்டடி ஆழத்தில் கல்லைப் புதைத்து, கம்பியை அதில் சுற்றிக் கொண்டுவந்தேன். இரண்டு கல் வேலிப்பக்கம் கிடைத்தது. மூன்றாவதற்கு, உடைந்து மூலையில் கிடந்த எங்கள் பாட்டியின் அம்மிக்கல். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இந்த அம்மி இரண்டடி மண்ணுக்குள் இருந்து பந்தலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு அடித்த எந்தக் காற்றிலும் அந்த மூலை அசையவில்லை. கம்பின் உயரம் ஏழடியாகக் குறைந்தது, புடலங்காய் தொங்க அது போதும்.

ஆவணியில் கொடிகள் மேலே ஏறின. சுரைக்கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டேன். சுரையில் தாய்க்கொடியில் பெரும்பாலும் ஆண் பூதான் வரும், பக்கக் கிளையில்தான் பெண் பூ அதிகம், நுனி கிள்ளினால் பக்கக் கிளை சீக்கிரம் உடைக்கும். இன்னொரு விஷயம், சுரை இலையின் காம்பு இலையோடு சேரும் இடத்தில் கடுகளவு இரண்டு மொக்குகள் இருக்கும், விரலால் தடவினால் தெரியும். பூக்காத கொடியைப் பார்த்து இது சுரையா பூசணியா என்று குழப்பம் வந்தால் அந்த இரண்டு மொக்கைத் தேடுங்கள், இருந்தால் சுரை. எங்கள் கொடியில் எறும்புகள் அந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தன.

நாற்பது நாளில் ஆண் பூக்கள். முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண் பூ மட்டும் பூத்து உதிர்வது இந்தக் குடும்பத்து வழக்கம், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. பிறகு பெண் பூ வந்தது. பெண் பூவைக் கண்டுபிடிப்பது சுலபம், இதழுக்குக் கீழே குட்டிக் காய் இருக்கும். சுரையில் ரோமம் அடர்ந்த ஒரு விரல்நுனிக் குடுக்கை, பீர்க்கில் வரி ஓடிய சின்னக் குச்சி. ஆண் பூவின் கீழே வெறும் காம்புதான்.

சிக்கல் இங்கே தொடங்கியது. பெண் பூ பூக்கும். இரண்டு நாளில் பிஞ்சின் நுனி மஞ்சளாகும். நாலாம் நாள் வெம்பி, தொட்டால் கையோடு வரும். சுரை, பீர்க்கு, புடலை மூன்றிலும் இதே கதை. புரட்டாசி பிறக்கும் வரைக்கும் பீர்க்கில் மட்டும் இருபதுக்கு மேல் உதிர்ந்தது. சத்துக் குறைவு என்று நினைத்து, மீன் கழிவையும் வெல்லத்தையும் நொதிக்கவைத்த மீன் அமிலம் ஊற்றினேன், பத்து லிட்டருக்கு நூறு மில்லி. இலை சேம்பு இலை மாதிரி அகலமாக விரிந்தது, ஆண் பூ இன்னும் பெருகியது, பிஞ்சு உதிர்வது நிற்கவில்லை. புளித்த மோரும் தேங்காய்ப்பாலும் சம அளவு கலந்து ஏழு நாள் ஊறவைத்துத் தேமோர் கரைசல் தெளித்தேன். பூ இன்னும் அதிகமானது. தண்ணீரைக் கூட்டினேன், பிறகு குறைத்தேன். தினமும் காலை ஏழு மணிக்குப் போய் நின்று, தேனீ வருகிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் வராது. வாடிச் சுருங்கிய பூக்கள்தான் இருக்கும். பக்கத்தில் எவனோ வயலுக்கு மருந்தடித்துத் தேனீயையே ஒழித்துவிட்டான் என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து இதை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு நாள் கேட்டார், "ஏ தம்பி, தெனமும் வெள்ளனவே வந்து என்னத்தைப் பார்க்க?"

"தேனீ வரக் காணோமே ஆச்சி. பிஞ்செல்லாம் வெம்பிப் போகுது."

"பீர்க்கும் சுரையும் பொழுது சாயத்தானப்பா பூக்கும். வெயில் ஏறி வந்து தேனீயத் தேடினா எங்கன காணும்? நாங்க சின்னப்பிள்ளையா இருக்கையில மழை மூட்டம் போட்டிருந்தா பீர்க்கம்பூ விரியறதைப் பார்த்துத்தான் உலை வைப்போம்."

எனக்கு அன்றைக்குச் சாயங்காலம் வேறு வேலை ஓடவில்லை. ஐந்து மணிக்கே ஸ்டூலைப் போட்டுப் பந்தலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தேகால் வரைக்கும் பீர்க்கு மொட்டு குடை மடித்த மாதிரி இருந்தது. அப்புறம் நுனியில் மஞ்சள் வெடித்தது. ஓர் இதழ் தளர்ந்து வெளியே விழுந்தது, பிறகு அடுத்தது. அடுத்த கால் மணி நேரத்தில் பந்தல் முழுக்க மஞ்சள். லேசான ஒரு வாசனை, காலையில் ஒரு நாளும் எனக்குக் கிடைக்காத வாசனை. இருட்டுவதற்குள் பந்தலில் சின்னத் தேனீக்கள், கைவிரலால் எண்ணும் அளவுதான், ஆனால் வந்தன. அடுத்தது சுரை. நனைத்துப் பிழிந்து உதறிய மல் துணி மாதிரி, சுருக்கங்களோடு வெள்ளை வெளேர் என்று விரிந்தது. மேற்கே வெளிச்சம் போன பிறகு இலை, கொடி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, சுரைப்பூ மட்டும் தெரிந்தது. இருட்டில் வருகிறவர்களுக்கு வெள்ளையும் வாசனையும்தானே அடையாளம்.

புடலைப் பூவை இருட்டிய பிறகு கைவிளக்கு வைத்துப் பார்த்தேன், அதை இத்தனை வருஷம் பார்க்காமல் இருந்தது பெரிய நஷ்டம். மொட்டுக்குள் ஒவ்வோர் இதழின் ஓரத்திலும் மயிரிழை போன்ற வெள்ளை நூல்கள் சுருண்டு சுருண்டு அடைந்திருக்கின்றன. இதழ் விரியும்போது அந்த நூல்கள் ஒவ்வொன்றாகச் சுருள் பிரிகின்றன. கடைசியில் பார்த்தால் ஓரம் முழுக்கக் கிழித்துவிட்ட சரிகை. காலையில் நாம் பார்ப்பது அது மறுபடி சுருண்டு வாடிய உருண்டையை மட்டும்தான்.

ஆச்சியிடம் மறுநாள் சொன்னபோது, தன் வேலியில் படர்ந்திருந்த நுரைபீர்க்கைக் காட்டினார். அதுவும் பீர்க்கு இனம்தான், வரி இல்லாமல் வழுவழு என்று இருக்கும், முற்றினால் தேய்த்துக் குளிக்கும் நார் கிடைக்குமே அது. அந்தப் பூ விடியற்காலையில் விரிகிறது. வரிப்பீர்க்கு அந்தியில், நுரைபீர்க்கு விடியலில். ஒரே வீட்டு அண்ணன் தம்பி ஆளுக்கொரு ஷிப்ட் பார்க்கிற மாதிரி, இரண்டும் வெவ்வேறு பூச்சியை நம்பி நேரத்தைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன.

சரி, பூ அந்தியில் விரிகிறது, அப்படியே இருக்கட்டும். இந்த ஊரில் மற்றவர்கள் பந்தலில் காய் நிற்கும்போது என் பந்தலில் ஏன் நிற்கவில்லை? இதற்கான விடையும் அன்றைய ராத்திரியே கண்ணெதிரில் இருந்தது. பாம்பு நடமாட்டம் என்று பின்சுவரில் இருபது வாட் எல்.இ.டி. ஃப்ளட் லைட் போட்டிருந்தேன், இருட்டியதும் தானாக எரிந்து விடியும் வரைக்கும் எரியும் வகை. நேரே பந்தலின் மேல் வெளிச்சம். ஏழு மணிக்கு மேல் அந்த விளக்கைச் சுற்றி அந்துப்பூச்சி, விட்டில் எல்லாம் மொய்த்தன. சுவரில் நாலு பல்லி வரிசையாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. பந்தலின் வெளிச்சப் பக்கத்துப் பூக்களில் ஒரு பூச்சி இல்லை. விளக்கு எட்டாத வடகிழக்கு மூலையில் மட்டும், விரல் நீளத்துக்கு ஒரு பருந்து அந்துப்பூச்சி, சிறகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அடிக்க, சுரைப்பூ முன்னால் அந்தரத்தில் நின்று நாக்கை நீட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. ரீங்காரம் ஓரடி தூரத்தில் காதில் கேட்டது. மூன்று பூ பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பிறகு படித்ததில், 2017-ல் வெளியான ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வு கண்ணில் பட்டது. இருட்டான புல்வெளிகளில் தெருவிளக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். விளக்கு இருந்த இடத்தில் பூக்களுக்கு ராத்திரியில் வந்த பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்திருக்கிறது. என் பின்சுவரில் நடந்ததும் இந்த மாதிரிதான் என்று பட்டது.

ஆனாலும் விளக்கை உடனே அணைக்காமல் கொஞ்சம் ஒழுங்காகப் பார்க்க நினைத்தேன். பீர்க்கில் மட்டும் பத்து நாள் கணக்கு எடுத்தேன். முதல் ஐந்து ராத்திரி விளக்கு எரியவிட்டேன். கையால் மகரந்தம் சேர்த்த பெண் பூவின் காம்பில் சிவப்பு நூல், தொடாமல் விட்டதில் வெள்ளை நூல். சிவப்பு நூல் கட்டிய 10 பூவில் 8 காயாக நின்றன. வெள்ளை நூல் கட்டிய 11-ல் நின்றது 2. அடுத்த ஐந்து ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு எதையும் தொடாமல் விட்டேன், 12-ல் 7 நின்றன. இரண்டாவது ஐந்து நாளில் காற்றும் அடங்கியிருந்தது, அதனால் எல்லாவற்றையும் விளக்கின் தலையிலேயே கட்ட முடியாது. ஆனால் சத்துக் குறைவில்லை என்பதும், மகரந்தம் சேராததுதான் வெம்பலுக்குக் காரணம் என்பதும் அந்தச் சிவப்பு நூல் எட்டிலேயே தெரிந்துவிட்டது. அதே கொடி, அதே உரம், அதே தண்ணீர்.

ஃப்ளட் லைட்டைக் கழற்றிவிட்டேன். அதன் இடத்தில் வாசற்படிக்கு மட்டும் வெளிச்சம் விழும்படி, மேலே தகர மூடி போட்டு, மஞ்சள் வெளிச்சச் சின்ன பல்பு. ஆள் வரும்போது மட்டும் சுவிட்ச் போடுகிறோம். பாம்புக்குக் கைவிளக்கும் கம்பும் போதும்.

கையால் சேர்க்கும் முறையையும் எழுதிவிடுகிறேன். சாயங்காலம் ஆறு மணிவாக்கில், அன்றைக்கு விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கிவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மூன்றாகப் பிரிந்திருக்கும் சூல்முடியில் மெதுவாகத் தடவ வேண்டும். மூன்று பிரிவிலும் பொடி படவேண்டும், ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வரும். ஓர் ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குத் தாராளம். பீர்க்குப் பொடி பீர்க்குக்கு, சுரைப் பொடி சுரைக்கு. பிடித்துவிட்டதா என்பது மூன்றாம் நாள் தெரியும், பிஞ்சு பளபளப்பேறிக் காம்பு தடித்துக் கீழே வளையும்.

புரட்டாசி நடுவில் இருந்து காய் வரத் தொடங்கியது. வந்த பிறகு பழ ஈயும் வந்தது, இது எல்லாப் பந்தலிலும் வருவதுதான். பிஞ்சில் ஊசி குத்திய மாதிரி புள்ளி, அதில் பழுப்புப் பிசின், அந்த இடத்தில் காய் வளையும், அறுத்தால் புழு. பழைய தண்ணீர் பாட்டிலில் நாலு ஓட்டை போட்டு, உள்ளே ஒரு துண்டு கருவாடும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுப் பந்தலின் இரண்டு மூலையில் தொங்கவிட்டேன். கருவாட்டை வாரம் ஒரு தடவை மாற்ற வேண்டும். குத்துப்பட்ட காயை அங்கேயே போடாமல் பொறுக்கி எடுத்து அழித்தால்தான் அடுத்த தலைமுறை குறையும், அது மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிற பூச்சி. தப்பித்த பிஞ்சுகளுக்குக் காகித உறை. புடலங்காய் நுனியில் வழக்கம்போலச் சின்னக் கல் கட்டிவிட்டேன், இல்லாவிட்டால் பாம்பு மாதிரியே சுருளும்.

ஐப்பசி மழை எல்லாவற்றையும் விடக் கஷ்டம். இந்தப் பக்கம் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் கட்டி, சரியாகப் பூ விரியும் நேரத்தில் இறங்கும். பொடி நனைந்தால் அவ்வளவுதான். மழைக்கு முன்பே, நாலு மணிக்கு, மறுநாள் என்று இல்லாமல் அன்றைக்கே விரியப்போகும் மொட்டுகளைப் பார்த்து, ஆண் மொட்டு சிலவற்றைப் பறித்து வீட்டுக்குள் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு வைப்பேன். அவை கிண்ணத்திலேயே நேரம் தவறாமல் விரியும். குடை பிடித்துக்கொண்டு போய்ப் பெண் பூவில் தடவிவிட்டு, பூவரசு இலையில் தொன்னை மாதிரி செய்து ஈர்க்குச்சி குத்திப் பூவின் மேல் கவிழ்த்துவிடுவேன். காலையில் எடுத்துவிட வேண்டும். இப்படி அடைமழை வாரத்திலும் ஆறு பீர்க்கு நின்றது. ஆச்சி வீட்டுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய் போனது.

சுரைக்காயைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சமைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை முழுவதும் தூக்கி எறியுங்கள், உப்பு, புளி போட்டுச் சரிசெய்ய முடியாது. இந்தக் குடும்பத்துச் செடிகளில் இருக்கும் குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள்தான் அது, அளவு கூடினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தவாந்தி வரைக்கும் போகும். கசந்த சுரைச்சாறு குடித்து உயிர் போன சம்பவங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) அமைத்த நிபுணர் குழுவே ஆராய்ந்து, கசந்தால் குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. என் பந்தலில் ஒரு காயும் கசக்கவில்லை, ஆனாலும் ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துத்தான் நறுக்கினோம்.

இப்போது மார்கழி. பந்தலில் பீர்க்கு முடிந்துவிட்டது, புடலை கடைசி நாலு காய். தரையில் பூசணி இப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. அதன் நேரம் நேர்மாறு, இருட்டோடு இருட்டாக விரிந்து, வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். ஐந்தரை மணிக்குத் தெருவில் கோலம் போடும் பிள்ளைகள் சாணி உருண்டையில் செருக பூ கேட்டு வருவார்கள். முன்பெல்லாம் கைக்கு வந்ததைப் பறித்துக்கொண்டு போவார்கள், காய் குறையும். இந்த வருஷம் கைவிளக்கு அடித்துக் காட்டினேன், கீழே குட்டிக் காய் இருந்தால் தொடாதே, நீளக் காம்போடு நிற்பதை எடுத்துக்கோ. மூன்று நாளில் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். எட்டு வயசுப் பிள்ளை ஒன்று பூவைத் திருப்பிப் பார்த்து, "இது அம்மா பூ, வேண்டாம்" என்று விட்டுவிட்டுப் போகிறாள். கிடைக்கும் ஆண் பூவில் நாலைந்தை மட்டும் நான் தேனீக்காக நிறுத்திவிடுகிறேன். தைப்பொங்கலுக்கு மூன்று பூசணி உறுதி.

வடகிழக்கு மூலையில், அந்துப்பூச்சி வந்த அதே கொடியில், ஒரு சுரையை விதைக்கு விட்டிருக்கிறேன். கீழ்ப்பாகம் வெளுத்து ஓடு கட்டியாகிவிட்டது, நகம் இறங்கவில்லை. குலுக்கினால் விதை உள்ளே இன்னும் ஓசை எழுப்பவில்லை, ஈரம் இருக்கிறது. ஆச்சி வாரத்துக்கு ஒரு முறை வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். சின்ன வயசில் அவர் கிணற்றில் நீச்சல் பழகியது முதுகில் இந்த மாதிரி ஒரு சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டுதானாம். விதை எனக்கு, குடுக்கை பேத்திக்கு என்று பேசி முடித்தாகிவிட்டது. மாசி வரைக்கும் கொடியிலேயே தொங்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்.